குளத்து உயிரியில் பிஎச்.டி. செய்யலாமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன, எப்படி அடங்குகின்றன என்பதில்தான் ஆர்வம். இப்போது கிடைத்திருக்கும் ஆய்வகத்தில் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியில் வேலை. "அஞ்சு வருஷம் குளத்துப் பூச்சியோடயா?" என்கிறார் அப்பா. புற்றுநோய் ஆய்வகம் ஏதாவது கிடைக்கும்வரை காத்திருக்கட்டுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

காத்திருக்க வேண்டாம். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஆலிஸ் செய்த வேலையை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டுதான் உட்கருவுக்குள் அடங்குகிறது. அந்த ஹிஸ்டோன்களில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டுவதற்கும் மரபணு இயங்குவதற்கும் தொடர்பிருக்கலாம் என்று விஞ்ஞானி வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே எழுதிவிட்டார். ஆனால் ஒட்டுகிற நொதி நெடுங்காலம் யார் கைக்கும் சிக்கவில்லை. ஹிஸ்டோன் வெறும் பொதி கட்டும் புரதம்தான் என்று பலரும் நினைத்துவந்தார்கள்.

ஆலிஸ் டெட்ராஹைமினாவை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்த ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் உண்டு. பெரியதில் மரபணுக்கள் மும்முரமாக இயங்கும், ஹிஸ்டோன்களில் அசிட்டைலும் நிறைய இருக்கும். சிறியது, செல் வளரும் காலத்தில் அடங்கிக் கிடக்கும், அதில் அசிட்டைல் இல்லை. மனித செல்லில் கலந்து கிடப்பது இங்கே தானாகவே பிரிந்து நிற்கிறது! அப்பாவுக்கு இந்த ஓர் இடத்தைக் கொஞ்சம் நிதானமாக விளக்குங்கள்.

பெரிய உட்கருக்களை ஏராளமாகப் பிரித்தெடுத்தார்கள். அவருடைய மாணவர் ஜேம்ஸ் பிரௌனல், புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லுக்குள்ளேயே ஹிஸ்டோனைக் கலந்து, கதிரியக்க அசிட்டைலைக் கொடுத்து, எந்தப் புரதம் அதை ஒட்டுகிறது என்று பார்த்தார். ஒரு பட்டை தெரிந்தது. அதன் அமினோ அமில வரிசையைப் படித்தபோது அது ஈஸ்ட்டின் ஜிசிஎன்5 என்ற புரதத்தோடு ஒத்துப்போனது. மரபணுக்களை முடுக்கிவிட உதவும் புரதம் என்று ஈஸ்ட் ஆய்வாளர்கள் அதை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ஆக, அசிட்டைலை ஒட்டுவதும் மரபணுவை முடுக்குவதும் ஒரே புரதம்தான். அந்தக் கட்டுரை 1996-இல் வந்தது. இந்தத் துறையே அதற்குப் பிறகு வேறு வேகத்தில் ஓடியது.

2003-இல் ஆல்ஃப்ரே பணியாற்றிய அதே ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு ஆலிஸ் போய்ச் சேர்ந்தார். 2018-இல் மருத்துவ ஆய்வுக்கான புகழ்பெற்ற லாஸ்கர் விருது. ஈஸ்ட்டில் வேலை செய்த மைக்கேல் கிரன்ஸ்டைனும் அதைப் பகிர்ந்துகொண்டார். 2023-இல் ஆலிஸ் மறைந்தார்.

அப்புறம், புற்றுநோய் பற்றிக் கேட்டீர்கள். குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டியில், பெரும்பாலும் ஹிஸ்டோன் ஒன்றின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். அந்த மாற்றம் மரபணுக்களை அடக்கி வைக்கும் நொதியை முடக்குகிறது என்று 2013-இல் காட்டியதும் ஆலிஸின் ஆய்வகம்தான்.

சேருவதற்கு முன்னால் வழிகாட்டியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "என் கேள்விக்கு இந்த உயிரி எதைக் காட்டும், வேறு எது காட்டாது?" தெளிவான பதில் வந்தால் அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள். "வளர்க்கச் சுலபம், செலவு குறைவு" என்பதோடு அவர் நிறுத்திவிட்டால், அதே உயிரியில் நல்ல கேள்வி வைத்திருக்கும் வேறு ஆய்வகத்தைத் தேடுங்கள்.