ஹாபி சார்ஜருக்கு வீட்டிலேயே பவர் சப்ளை: கேள்வி பதில்

ரிமோட் கார், விமானம் போன்றவற்றின் பேட்டரியை ஏற்றும் ஹாபி சார்ஜர் வாங்கியாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் சுவரில் சொருக வயரே இல்லை, டிசி இன்புட் மட்டும்தான். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்தால் ஒருவருக்கு மட்டும் விளக்கமாகச் சொல்வேன், மற்றவர்கள் அதையே படித்துக்கொள்ளுங்கள். எந்த பிராண்ட் பேட்டரி நல்லது என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

புதுப்பறவை: என்னிடம் 3எஸ் 2200 எம்ஏஎச் லிப்போ இரண்டு இருக்கின்றன. சார்ஜர் 50 வாட். நண்பர் 30 ஆம்பியர் பவர் சப்ளை வாங்கச் சொல்கிறார். அவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம், இது எல்லோருக்கும் உதவும்.

ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட். 3எஸ் என்றால் தொடராக மூன்று செல், 12.6. 2200 எம்ஏஎச் பேக்கை 1சி வேகத்தில், அதாவது எம்ஏஎச் எண்ணுக்குச் சமமான கரண்டில் ஏற்றினால் 2.2 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 28 வாட். சார்ஜரே கொஞ்சம் சூடாக்கி வீணடிக்கும், அதனால் 0.85-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 33 வாட். 12 வோல்ட்டில் அது 3 ஆம்பியர்கூட இல்லை. உங்கள் சார்ஜர் தன் முழு 50 வாட்டைக் கொடுத்தாலும் உள்ளே இழுப்பது 60 வாட் அளவுதான், அதாவது 5 ஆம்பியர். கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்து 12 வோல்ட் 6 அல்லது 7 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்பார்களே, அதே ரகம்.

நாளைக்கு 6எஸ் 5000-க்குப் போகப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. 25.2 பெருக்கல் 5, 126 வாட். இன்புட்டில் 148. 12 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல். ஆனால் அதற்கு முதலில் சார்ஜரை மாற்ற வேண்டும், 50 வாட் சார்ஜர் 6எஸ் பேக்குக்கு 2 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. பெரிய பவர் சப்ளை வாங்கினால் சின்ன சார்ஜர் வேகமாக ஏற்றும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

லேப்டாப்காரர்: பழைய லேப்டாப் அடாப்டர் சும்மா கிடக்கிறது. 19 வோல்ட் 3.42 ஆம்பியர். பயன்படுத்தலாமா?

சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இன்புட் 11–18 வோல்ட் என்று இருந்தால் கூடாது. ஒரு வோல்ட்தானே கூடுதல் என்று சொருகி, உள்ளே இருக்கும் பாகம் புகைந்த பிறகு எழுதுகிறார்கள். 10–30 என்று இருந்தால் தாராளமாக. உங்களுடையது 65 வாட் அடாப்டர், சார்ஜர் மெனுவில் இன்புட் பவர் லிமிட் இருந்தால் 55-க்கு வைத்துவிடுங்கள். 19.5 வோல்ட்டில் 90 வாட், 120 வாட் அடாப்டர்களும் பழைய சாமான் பெட்டிகளில் தூங்குகின்றன, இந்த வேலைக்கு அவை தங்கம்.

சில அடாப்டர்களில் நடுவே மெல்லிய பின் ஒன்று இருக்கும். அது அடாப்டர் யாரென்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கு மட்டும். நமக்குத் தேவையில்லை, இன்சுலேட் செய்து விட்டுவிடுங்கள்.

நாலு சக்கரம்: கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-இல் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தேன், ஃபேன் ஓடுகிறது. ஆனால் சார்ஜரை மாட்டி 5 ஆம்பியர் வைத்தால் “இன்புட் வோல்டேஜ் குறைவு” என்று கத்துகிறது. 450 வாட் சப்ளை சார் இது!

450 வாட் என்பது எல்லா லைன்களையும் கூட்டிய மொத்தம். உங்களுக்கு வேண்டியது மஞ்சள் வயர், 12 வோல்ட் மட்டும். லேபிளில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது 216 வாட்.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல். பழைய எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்கும், 5 வோல்ட்டில் சுமையே இல்லாவிட்டால் 12 வோல்ட் லைன் சரியும். 11-க்குக் கீழே போனதும் சார்ஜர் அலறுகிறது. சிவப்புக்கும் (5 வோல்ட்) கறுப்புக்கும் நடுவே கொஞ்சம் சுமை கொடுங்கள்: 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அரை ஆம்பியர் இழுக்கும், இரண்டரை வாட் சூடு. போதவில்லை என்றால் கார் பல்பு ஒன்றை அந்த 5 வோல்ட்டில் மாட்டுங்கள், மங்கலாக எரியும், சுமையும் கூடும். அப்புறம், ஒரே ஒரு மஞ்சள் வயரில் எல்லாக் கரண்டையும் இழுக்காதீர்கள். மூன்று நான்கு மஞ்சளையும் அதே எண்ணிக்கைக் கறுப்பையும் முறுக்கிச் சேர்த்து சால்டர் செய்யுங்கள்.

புதிய ரகங்களில் பெரும்பாலான பவர் 12 வோல்ட்டிலேயே இருக்கும், இந்தத் தொல்லை குறைவு.

கராஜ் ராஜா: கார் பேட்டரி சார்ஜரை பவர் சப்ளையாக வைக்கலாமா?

கூடாது. பழைய ரகம் வடிகட்டாத கரண்டை அலை அலையாகத் தரும், புதிய ரகம் எதிரே பேட்டரி இல்லாவிட்டால் அவுட்புட்டே தராது. கார் பேட்டரியை நடுவில் வைத்து அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் காலியாக்கினால் அதன் ஆயுள் போய்விடும்.

கேம் மாமா: எக்ஸ்பாக்ஸ் 360 பவர் பிரிக் ஒன்று இருக்கிறது.

நல்ல பொருள். ஆரம்பகால மாடலில் வந்தது 12 வோல்ட் 16.5 ஆம்பியர், ஸ்டேண்ட்பை லைனையும் சேர்த்து மொத்தம் 203 வாட். பின்னால் வந்தவை குறைவு, லேபிளைப் பாருங்கள். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், சிவப்பு ஸ்டேண்ட்பை 5 வோல்ட், நீலம் ஆன் செய்வதற்கு. நீலத்தைச் சிவப்போடு சேர்த்தால் உயிர் வரும்.

ஆறு செல்: குறைந்த விலையில் நிறைய வாட் வேண்டும். பலரும் சர்வர் பவர் சப்ளை என்கிறார்கள். உண்மையா?

உண்மை. டேட்டா சென்டர்களில் கழித்துக் கட்டிய சர்வர்களிலிருந்து வருபவை. எச்பி சர்வரில் வந்த டிபிஎஸ்-600பிபி 12 வோல்ட்டில் 47 ஆம்பியர், 575 வாட். ஒரு வாட்டுக்கு இவ்வளவு குறைந்த செலவில் வேறு எதுவும் கிடைக்காது. வோல்டேஜ் நிலையாக இருக்கும், இரவும் பகலும் ஓடுவதற்கென்றே செய்தவை.

குறை இரண்டு. குட்டி ஃபேன், விமானம் கிளம்புவது மாதிரி சத்தம். பின்னால் எந்தப் பின்னை எதனுடன் சேர்த்தால் ஆன் ஆகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதனால் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய படத்தைப் பார்க்காமல் பேப்பர் கிளிப்போடு ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். பெரியவற்றில் இன்னொன்று: 1200 வாட் என்று விற்பது 110 வோல்ட் மெயின்ஸில் அவ்வளவு தராமல் போகலாம். அதையும் லேபிளே சொல்லும்.

ஆறு செல்: அப்படியானால் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கலாமா? மேல் யூனிட்டின் எர்த் பின்னை வெட்டினால் போதும் என்கிறார்களே?

வெட்டாதீர்கள். இன்று வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சர்வர் சப்ளைகளில் டிசி நெகட்டிவ் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கும், பெட்டி எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் தொடராக (கீழ் யூனிட்டின் பாசிட்டிவில் மேல் யூனிட்டின் நெகட்டிவ்) மாட்டினால் மேல் யூனிட்டின் நெகட்டிவ் எர்த் வழியாகக் கீழ் யூனிட்டின் நெகட்டிவுக்கே வந்து சேரும். கீழ் யூனிட் ஷார்ட் ஆகி டிரிப் ஆகும். இதற்குக் குறுக்கு வழியாகத்தான் எர்த்தை வெட்டுகிறார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அந்தப் பெட்டி இப்போது 12 வோல்ட்டில் நிற்கிறது, பக்கத்துப் பெட்டியை உரசினால் பல பத்து ஆம்பியர் தீப்பொறி. டிசி வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டி மெயின்ஸின் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் மிதக்கும். உள்ளே இன்சுலேஷன் போனால் முழு மெயின்ஸும் பெட்டியில்.

பழைய வயர்மேன்: தம்பி, சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் பல வருஷமாக எர்த் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறது, கரண்ட் லீக் ஆனால் அது விழுந்து லைனை வெட்டும்.

ஐயா, வயர்மேன் என்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. எர்த் இருந்தால் லீக் ஆன நொடியே கரண்ட் அதன் வழியே போகும், ஆர்சிசிபி விழும், யாரும் பெட்டியைத் தொட்டிருக்கவே வேண்டாம். எர்த்தை வெட்டிவிட்டால் லீக் ஆன கரண்டுக்குப் போக நல்ல வழியில்லை. ஆர்சிசிபி பேசாமல் காத்திருக்கும். யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியே கரண்ட் போன பிறகுதான் விழும். கடைசிப் பாதுகாப்பை முதல் பாதுகாப்பாக வைக்கச் சொல்கிறீர்கள்.

பழைய வயர்மேன்: தொடராக மாட்டியிருக்கும்போது மேல் பெட்டி கீழ் யூனிட் வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? வழியில்லை என்றால் எப்படி?

சரியான கேள்வி. வழி இருக்கிறது, ஆனால் எதன் வழியாக? கீழ் யூனிட்டின் அவுட்புட் பாகங்கள் வழியாக. மெயின்ஸ் ஃபியூஸ் போகும் அளவு கரண்ட் அதில் ஓடினால் கீழ் யூனிட், சார்ஜர், அதில் மாட்டியிருக்கும் லிப்போ மூன்றும் ஆபத்தில். டிசி வயரைக் கழற்றினாலோ அந்த வழியும் இல்லை. எர்த் வயர் எப்போதும் இருக்க வேண்டிய ஒன்று, பிளக் மாட்டினால் உண்டு கழற்றினால் இல்லை என்ற நிலையில் அதை வைக்க முடியாது.

அமைதி விரும்பி: சண்டை வேண்டாம். மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் பவர் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் முடிந்ததே?

600 வாட்டுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பணத்துக்கு 24 வோல்ட் சப்ளையே வாங்கலாம். குறைந்த செலவு என்று ஆரம்பித்த விஷயம் இது.

பழைய வயர்மேன்: அப்படியானால் சரியான வழியையும் சொல்லிவிடுங்கள்.

பெட்டியை எர்த்திலேயே வைத்துவிட்டு, உள்ளே டிசி நெகட்டிவைப் பெட்டியிலிருந்து பிரிப்பது. போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களுக்குப் பதில் நைலான், அடியில் இன்சுலேஷன் ஷீட். உங்களைப் போன்றவர்கள் செய்யலாம். படிப்படியாக இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் உள்ளே 400 வோல்ட் அளவில் கெபாசிட்டர் ஒன்று பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். “ஆறு செல்” முதன்முதலாக ஸ்க்ரூ டிரைவர் எடுக்கும் இடம் அதுவல்ல.

அவருக்கு என் யோசனை: உண்மையிலேயே 24 தேவையா என்று பாருங்கள். சார்ஜருக்கு இன்புட் கரண்ட் வரம்பு இருக்கும். அது 30 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் 360 வாட் உள்ளே வருகிறது. ஒரு 6எஸ் 5000 பேக்குக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் மூடிய பெட்டி ரக 24 வோல்ட் சப்ளை வாங்குங்கள். மீன்வெல் எல்ஆர்எஸ்-350-24 போல: 14.6 ஆம்பியர், 350 வாட், அவுட்புட் எர்த்தோடு சேராதது. ஆனால் அதன் பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருக்கும். 230 வரும் வீட்டில் 115-இல் வைத்து ஆன் செய்தால் அன்றோடு சரி. ஸ்க்ரூ டெர்மினல்களில் மெயின்ஸ் திறந்தே இருக்கும், மூடி போடாமல் மேஜையில் வைக்காதீர்கள். எர்த் டெர்மினலும் அலங்காரத்துக்கு இல்லை.

இன்னொரு லேப்டாப்: 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் ஓகேவா சார்?

மேலே.

சி-டைப்: 100 வாட் போன் சார்ஜரிலிருந்து எடுக்க முடியுமா?

அது யூஎஸ்பி பவர் டெலிவரி (பிடி) ரகமாக இருந்தால் முடியும், நடுவில் வேண்டிய வோல்டேஜைக் கேட்டு வாங்கும் பிடி டிரிகர் போர்டு ஒன்று வேண்டும். கேட்காவிட்டால் அது 5 வோல்ட்தான் தரும். 100 வாட் வேண்டுமென்றால் 20 வோல்ட் 5 ஆம்பியர், அதற்கு 5 ஆம்பியர் தாங்கும் சிப் வைத்த கேபிள் அவசியம். 11–18 சார்ஜர் வைத்திருப்பவர்கள் 15 வோல்ட்டுக்கு அமைத்துக்கொள்ளுங்கள், 3 ஆம்பியர், 45 வாட். சின்ன பேக்குகளுக்குப் போதும். 12 வோல்ட் எல்லா அடாப்டரிலும் இருக்காது.

தீப்பொறி: சார்ஜரை மாட்டும்போது பட்டென்று பொறி பறக்கிறது.

சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே நேரத்தில் நிரம்புவதுதான். முதலில் சார்ஜரை மாட்டி, பிறகு மெயின்ஸைப் போடுங்கள்.

இரட்டையர்: ஒரே பவர் சப்ளையில் இரண்டு சார்ஜர் மாட்டலாமா? இன்னொரு சந்தேகம், டிஸ்சார்ஜ் செய்யும்போது சப்ளை தானாக அணைகிறது.

மாட்டலாம், மொத்த வாட் தாங்கினால். ஆனால் இரண்டு சார்ஜரிலும் ஏறும் பேக்குகள் ஒன்றோடொன்று எந்த வயராலும் சேரக்கூடாது. தொடராகக் கட்டிய இரண்டு பேக்கைக் கழற்றாமல் ஆளுக்கொரு சார்ஜரில் மாட்டுவது ஷார்ட்டுக்கு அழைப்பு. சார்ஜரின் அவுட்புட் நெகட்டிவும் இன்புட் நெகட்டிவும் ஒன்று என்றும் நினைக்காதீர்கள், பல சார்ஜர்களில் ஒன்றல்ல.

இரண்டாவது சந்தேகம் நல்ல சந்தேகம். உங்கள் சார்ஜரில் ரீஜெனரேட்டிவ் டிஸ்சார்ஜ் ஆனில் இருக்கிறது என்று தோன்றுகிறது. பேக்கிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை இன்புட் பக்கமே திருப்பி அனுப்பும். அங்கே கார் பேட்டரி இருந்தால் வாங்கிக்கொள்ளும், பவர் சப்ளைக்கு வாங்கத் தெரியாது. வோல்டேஜ் ஏறி, பாதுகாப்பு வெட்டிவிடுகிறது. மெனுவில் அதை அணையுங்கள்.

சுருக்கம்: சார், எந்தப் பவர் சப்ளை வாங்கலாம்?

என்ன சார்ஜர், எத்தனை செல், எத்தனை எம்ஏஎச்? லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவது லேப்டாப்: 19.5 வோல்ட்...

லேபிள்!

பழைய வயர்மேன்: நைலான் ஸ்க்ரூ எம்3 போதுமா, எம்4 வேண்டுமா?

மாடல் எண்ணைச் சொல்லுங்கள் ஐயா. அதுவரை அந்த எர்த் பின்னைத் திரும்ப மாட்டி வையுங்கள்.