மடியில் கிடக்கும் உடல்

அன்புள்ள சார்,

இறந்துபோன சூப்பர்கேர்ளை ஏந்திக்கொண்டு சூப்பர்மேன் அழும் காமிக்ஸ் அட்டையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதாவை மைக்கலாஞ்சலோ செதுக்கிய ‘பியத்தா’ சிலைக்கு அது அஞ்சலி என்றீர்கள். எனக்கு அப்பட்டமான காப்பியாகத்தான் தெரிகிறது. பழைய சிலை, கேட்க ஆளில்லை என்றால் திருட்டு அஞ்சலியாகிவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தப்பு என் பேரில்தான், ஆனால் நீங்கள் சொல்லும் தப்பு இல்லை.

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் அந்த மாதா அழவே இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, வயதில் மகனைவிடச் சின்னவளாகத் தெரிகிறாள். வளர்ந்த ஆணின் உடல் ஒரு பெண்ணின் மடியில் அடங்காது. அதனால் மடியை அகலமாக்கி, துணி மடிப்புகளைக் குவித்து அதை மறைத்துவிட்டார் மைக்கலாஞ்சலோ. மாதா எழுந்து நின்றால் உருவத்தில் மகனைவிட ரொம்பப் பெரியவளாக இருப்பாள். உட்கார்ந்திருக்கும்வரை நமக்கு அது உறைப்பதில்லை.

ஜார்ஜ் பெரெஸ் 1985இல் வரைந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ ஏழாம் இதழின் அட்டையில் இந்த அமைதி எங்கே இருக்கிறது? சூப்பர்மேன் முகம் கோணி அழுகிறார். இந்த அழுகையின் ஊர் ஜெர்மனி. 14ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மரத்தில் பியத்தா செதுக்கினார்கள். பான் நகர அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, மூன்றடிகூட இருக்காது. மகனுக்கு விலா எலும்பு துருத்துகிறது, காயங்களில் ரத்தம் கட்டி கட்டியாக நிற்கிறது, தாயின் முகம் வேதனையில் உருக்குலைந்திருக்கிறது. பெரெஸின் அட்டை இந்தப் பக்கத்துச் சொந்தம். நான் மைக்கலாஞ்சலோ என்று எழுதியது பெயர் தெரிந்த சோம்பேறித்தனம்.

இன்னொன்று. மைக்கலாஞ்சலோவிடம் அந்தச் சிலையைக் கேட்டவர் ஒரு பிரெஞ்சு கார்டினல். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் ஏற்கெனவே பழகிய உருவம் அது. ஆக, காப்பி என்று கேஸ் போட்டால் முதல் குற்றவாளி மைக்கலாஞ்சலோதான்.

சரி, உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. 1980இலேயே ‘எக்ஸ்-மென்’ 136ஆம் இதழின் அட்டையில் நாயகி ஃபீனிக்ஸை நாயகன் சைக்ளாப்ஸ் இப்படித்தான் ஏந்தி நின்றார். அதற்கப்புறம் யார் செத்தாலும் இதே போஸ். சாவு வீட்டுக்கு வாடகை நாற்காலி வருவதுபோல அதுபாட்டுக்கு வந்து இறங்கிவிடுகிறது.

ஆனால் காமிக்ஸ் கலைஞர் ஜிம் ஸ்டார்லின் 1982இல் செய்ததை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ‘தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்’ கதையில் நாயகனைக் கொல்வது வில்லன் இல்லை, புற்றுநோய். ஸ்டார்லினின் அப்பாவும் புற்றுநோயில் போனவர்தான். மலையைப் புரட்டும் சகாக்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அட்டையில் அதே பியத்தா. மாதா இருக்க வேண்டிய இடத்தில் அங்கி போர்த்திய எலும்புக்கூடு, மரணமே உட்கார்ந்து அவனை ஏந்தியிருக்கிறது. சிலுவைப்பாதையில், இயேசுவின் உடலை இறக்கித் தாயின் மடியில் கிடத்தும் பதின்மூன்றாம் நிலைக்கு முன்னால் முழந்தாளிட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும்.

பெரெஸை விடுங்கள். இந்த அட்டையைத் தேடிப் பார்த்துவிட்டு, திருட்டுதானா என்று இன்னொரு கடிதம் போடுங்கள்.