தம்பி, அந்தப் பெரிய கதவுக்குள் நீங்களும் போகலாம்

பாரிஸுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, ஏழாவது வட்டாரத்தில் பார்க்கும் இடமெல்லாம் பெரிய கதவும் 'ஒத்தேல்' என்ற பெயருமாக இருக்கிறது, அவை தங்கும் விடுதிகளா, உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியிலிருந்து வந்த முதல் வருடம் முழுக்க நானும் அந்தக் கதவுகளை வெளியே நின்றேதான் பார்த்தேன். கேட்க ஆளில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவை விடுதிகள் இல்லை, பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும் நகரத்துக்குள் கட்டிக்கொண்ட மாளிகைகள். குதிரைவண்டி நுழைய வேண்டும் என்பதால்தான் கதவு அவ்வளவு உயரம். கதவுக்கு அப்புறம் முற்றம், முற்றத்துக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம். பல இன்று அமைச்சகங்களாகவும் தூதரகங்களாகவும் இருப்பதால் சும்மா போக முடியாது. ஆனால் வரேன் தெரு 77-ஆம் எண்ணுக்குப் போகலாம். ஒத்தேல் பிரோன். சிற்பி ரொதானின் அருங்காட்சியகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். சிலைகளைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அதைக் கட்டியவர் பிறவிப் பிரபு இல்லை. பெராங் து மொராஸ், டோப்பா செய்பவரின் மகன். பிரான்சின் நிதியைக் கையாண்ட ஜான் லா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் பெரும்பணம் பார்த்தவர். 1719-ல் லா ஒன்றாக இணைத்த அந்தக் கம்பெனிக்குள்தான் நம் புதுச்சேரியை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியும் வந்து சேர்ந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த வீடு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. 1727-ல் வேலை தொடங்கியது, கட்டடக் கலைஞர் ழான் ஒபேர். அதில் நெடுநாள் வாழத்தான் மொராஸுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1732-ல் இறந்துபோனார். 1753-ல் வாங்கிய பிரோன் தளபதியின் பெயரே வீட்டுக்கு நிலைத்தது.

1820-ல் கன்னியாஸ்திரீகள் வாங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். ஆடம்பரம் அவர்களுக்கு ஆகாது. செதுக்கு வேலைப்பாடுள்ள சுவர்ப்பலகைகள், கண்ணாடிகள், இரும்புக் கம்பி வேலைகள் எல்லாம் கழற்றி விற்கப்பட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கு அது பள்ளிக்கூடம். விற்றதில் சிலவற்றைப் பிற்காலத்தில் தேடி மீட்டிருக்கிறார்கள்.

1904-ல் துறவற சபைகள் பள்ளி நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. வீடு காலியானது, இடித்துவிடுவதாகப் பேச்சு. அதுவரை அறை அறையாகக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். மத்தீஸ், கொக்தோ, இசடோரா டங்கன் என்று கலைஞர்கள் குடிவந்தார்கள். கவிஞர் ரில்கே சொல்லித்தான் 1908-ல் ரொதான் வந்தார். 1911-ல் அரசு வீட்டை வாங்கியபோதும் அவர் கிளம்பவில்லை. "என் படைப்புகள் முழுவதையும் நாட்டுக்குத் தருகிறேன், இந்த வீட்டை அருங்காட்சியகமாக்குங்கள்" என்பதுதான் அவர் வைத்த பேரம். 1916-ல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 1917-ல் அவர் இறந்தார், 1919-ல் அருங்காட்சியகம் திறந்தது. வாடகைக்கு வந்த ஒரு கிழவரின் பிடிவாதத்தில் ஒரு வீடு பிழைத்திருக்கிறது, தம்பி!

இத்தனை பேர் நடந்தால் மரத்தரை என்ன ஆகும்? 2012 முதல் மூன்று வருடம் பழுது பார்த்து 2015 நவம்பரில் முழுவதுமாகத் திறந்தார்கள். போனால் ஓர் அறையில் ஓரமாக நின்று குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் கட்டைகளைச் சாய்வாகக் கோத்த தரை, காலடி வைத்தால் மெல்ல முனகும். அப்புறம் தோட்டத்தின் கடைசிக்குப் போய், குளத்தங்கரையில் நின்று திரும்பி வீட்டைப் பாருங்கள். ஜன்னல்களின் வரிசையும் அளவும் அங்கிருந்துதான் புரியும்.

13-ஆம் எண் மெட்ரோவில் வரேன் நிறுத்தத்தில் இறங்குங்கள். நடைமேடையிலேயே 'சிந்தனையாளர்' சிலையின் நகல் உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. 26 வயது ஆகாமல், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவராக இருந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. மாணவர் அட்டை மட்டும் போதாது, நீண்டகால விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அட்டையையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் "போன்ழூர்" சொல்லிவிட்டு நேரே உள்ளே போங்கள்.