பள்ளி மதிய உணவும் வேர்க்கடலை அலர்ஜியும்: தடிப்பை மட்டும் பார்க்காதீர்கள்

உங்கள் நீண்ட கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு சம்பவம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன மாதம் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். கொடுத்த பிஸ்கட்டை உங்கள் 7 வயது மகன் தின்றிருக்கிறான். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை. 10 நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு, இரண்டு முறை வாந்தி, கொஞ்ச நேரம் விடாத இருமல். பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் ஓடிப்போய் அரிப்பு, தடிப்புக்குக் கொடுக்கும் செட்டிரிசின் சிரப் கொடுத்திருக்கிறீர்கள். “தடிப்பு அடங்கியது, அசந்து இரண்டு மணி நேரம் தூங்கினான், எழுந்தபோது நன்றாக இருந்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, அது லேசான அலர்ஜி இல்லை. அனபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் அலர்ஜி. தோல், வயிறு, மூச்சுப்பாதை என்று உடம்பின் மூன்று பகுதிகள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கின்றன. சிரப் அவனைக் காப்பாற்றவில்லை. அன்றைக்கு அவன் உடம்பே சமாளித்துக்கொண்டது. அடுத்த முறையும் சமாளிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தத் தூக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. சிரப்பால் வந்த மயக்கமாகவும் இருக்கலாம், இரத்த அழுத்தம் இறங்கித் துவண்டுபோனதாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகாத உணவு உள்ளே போய்த் துவண்டு கிடக்கும் குழந்தையை “தூங்கட்டும்” என்று விடவே கூடாது. அவசர ஊர்தியை அழைத்திருக்க வேண்டும்.

வாசனை, தனி மேஜை, இரத்தப் பரிசோதனை, எடை என்று நிறைய கேட்டிருக்கிறீர்கள். அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இவனுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? நியாயமான பயம். அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகாத உணவு சாப்பிட்ட பிறகு மூச்சு, குரல், தெளிவு இந்த மூன்றில் எது மாறினாலும் அது அவசர நிலை. விடாத இருமல், குரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்கத் திணறுவது, மூச்சில் விசில் சத்தம், முகம் வெளுத்துச் சோர்ந்து சரிவது. திரும்பத் திரும்ப வரும் வாந்தியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தடிப்பு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அனபிலாக்சிஸ் வருபவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. தடிப்பு வருகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்துக் காத்திருப்பதில்தான் பொன்னான நிமிடங்கள் போகின்றன.

ஆசிரியருக்கு இன்னொன்றும் சொல்லித்தர வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் “மூச்சு முட்டுகிறது” என்று சொல்ல மாட்டார்கள். “நாக்குல முடி ஒட்டின மாதிரி இருக்கு”, “தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு”, “வாய் ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் நாக்கை விரலால் சுரண்டுவார்கள், திடீரென்று ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்திலும் அதை அடுத்த இரண்டு மணி நேரத்திலும் இப்படி ஏதாவது காதில் விழுந்தால், கண்ணில் பட்டால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த நேரத்துக்கான மருந்து ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பேனா வடிவ ஊசியாக இருந்தால் உடுப்பின் மேலேயே குத்தலாம். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அளவு. உங்கள் மகனின் எடைக்குப் பொதுவாக 0.15 மில்லிகிராம் பேனாவை எழுதித் தருவார்கள். போட்ட பிறகு படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உட்காரவைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. “சிக் ரூமுக்குப் போய் வா” என்று நடக்கவைத்து அனுப்புவது ஆபத்தான பழக்கம். எழுந்து நின்ற மாத்திரத்தில் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போனதுண்டு. மருந்துதான் குழந்தையிடம் வர வேண்டும். 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அதனால் எப்போதும் இரண்டு பேனா வேண்டும். குறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம்.

ஊசிக்குப் பிறகு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் பயப்படுவார்கள். வேறு நோய் இல்லாத குழந்தைக்கு அதனால் பெரிய கெடுதல் வராது. போட வேண்டிய நேரத்தில் போடாமல் தயங்கியதால்தான் உயிர்கள் போயிருக்கின்றன. பேனா கிடைக்காத இடமாக இருந்தால் உங்கள் மருத்துவர் வேறு வழியில் ஏற்பாடு செய்து பழக்கியும் விடுவார். குப்பியும் சிரிஞ்சும் நீங்களே வாங்கிவைத்துக் குத்துமதிப்பாக அளவெடுக்கும் வேலை வேண்டாம்.

சுய மருத்துவம் என்றதும் உங்கள் தினசரி செட்டிரிசின் நினைவுக்கு வருகிறது. “முன்னெச்சரிக்கையாக” தினமும் காலையில் ஒரு டோஸ் கொடுத்தனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? அந்த மருந்து அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். தொண்டை வீங்குவதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ அது தடுக்காது. ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய முதல் அடையாளத்தை மறைத்துவிடும். வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதித் தந்திருந்தால் ஒழிய, நிறுத்துங்கள்.

அடுத்து, இணையத்தில் பார்த்து இரத்தம் அனுப்பிச் செய்துகொண்ட அந்த “உணவு ஒவ்வாமை” பரிசோதனை. அறிக்கையில் பால், முட்டை, கோதுமை உட்பட ஒரு பெரிய பட்டியல் சிவப்பில் வந்திருக்கிறது. அது ஐஜிஜி (உடம்பு உண்டாக்கும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) பரிசோதனை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அதற்கான ஐஜிஜி இருப்பது இயல்பு, அது அலர்ஜியின் அடையாளம் அல்ல. அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவுவது தோலில் செய்யும் குத்துப் பரிசோதனையும் இரத்தத்தில் ஐஜிஇ என்ற, அலர்ஜியோடு தொடர்புள்ள வேறு வகை எதிர்ப்புப் பொருளின் அளவும். அவைகூட, சாப்பிட்டால் என்ன நடந்தது என்ற கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். தினமும் பால் குடித்து, முட்டையும் ரொட்டியும் தின்று நன்றாக இருந்த பிள்ளைக்கு ஒரு காகிதத்தை நம்பி மூன்றையும் நிறுத்தியிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் எடை 22 கிலோவிலிருந்து 20.5 ஆகிவிட்டது. வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும், இவனுக்கு இறங்கியிருக்கிறது. ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் விலக்கிவைத்தால், சில குழந்தைகளுக்குத் திரும்பக் கொடுக்கும்போது உண்மையிலேயே அலர்ஜி வந்துவிடுவதும் உண்டு. அதனால் இன்று இரவே எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிடாதீர்கள். அலர்ஜி மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிற வரிசையில் சீக்கிரமே திரும்பத் தொடங்குங்கள்.

வாசனை விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். பக்கத்துப் பையனின் டப்பாவிலிருந்து வரும் வேர்க்கடலை மணத்தால் அனபிலாக்சிஸ் வராது. அலர்ஜியைக் கிளப்புவது கடலையிலுள்ள புரதம், மணத்தில் அது இல்லை. கையில் பட்டால்கூடப் பெரும்பாலும் பட்ட இடத்தில் அரிப்போடு நின்றுவிடும். பட்ட விரல் வாய்க்குப் போவதுதான் பிரச்சினை. அதனால் எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது. மேஜையையும் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும்.

தனி மேஜை வேண்டாம். மூலையில் ஒற்றையாக உட்காரவைக்கப்படும் பிள்ளை, இரண்டு வாரத்தில் தனக்கு அலர்ஜியே இல்லை என்று சொல்லத் தொடங்கிவிடுவான். டப்பாவில் வேர்க்கடலை கொண்டுவராத இரண்டு மூன்று நண்பர்களோடு, ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில் உட்காரட்டும். யாராவது கடலையைக் காட்டி அவனை மிரட்டி விளையாடினால் அதைக் குறும்பு என்று விடக் கூடாது. பள்ளி அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிச் சமையலறையிலேயே அவனுக்குத் தனியாகச் சமைத்துத் தருவதாகச் சொல்கிறார்களே, சம்மதிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வீட்டு டப்பாவே போகட்டும். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தவறு பெரும்பாலும் அடுப்பில் நடப்பதில்லை, பரிமாறும் இடத்தில் நடக்கிறது. தனிப் பாத்திரத்தில் சமைத்துவிட்டு, அவசரத்தில் பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டியை இதில் போட்டு அள்ளுவார்கள். கடலை சேர்ந்த பண்டத்தைப் பொரித்த அதே எண்ணெயில் இவனுடையதையும் பொரிப்பார்கள். சூடு கடலைப் புரதத்தை அழிக்காது. கரண்டி தனியா, அவனுக்கு முதலில் பரிமாறுவார்களா, அன்றைய சமையல்காரர் வரவில்லை என்றால் யாருக்கு விஷயம் தெரியும் என்று நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் பிறகு யோசிக்கலாம்.

டப்பா பத்திரமாக இருந்தாலும், பகிர்ந்து தின்பதிலும் பிறந்தநாள் பண்டங்களிலும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். அவனுக்குப் பிடித்த, நீங்கள் சரிபார்த்த தின்பண்டங்களை ஒரு டப்பாவில் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது இவனுக்கு அதிலிருந்து வரட்டும். பாக்கெட் உணவின் விவரச் சீட்டை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், அதே பிஸ்கட்டின் செய்முறையை நிறுவனம் மாற்றியிருக்கலாம். “தெரியாததை வாயில் வைக்காதே, வாய் ஒரு மாதிரி இருந்தால் உடனே டீச்சரிடம் கத்திச் சொல்” என்பதை 7 வயதுப் பிள்ளை நன்றாகவே கற்றுக்கொள்வான்.

ஊசி எங்கே இருக்கப்போகிறது என்பதை விடாப்பிடியாகக் கேட்டு வாங்குங்கள். பல பள்ளிகளில் அதைப் பூட்டிய அலமாரியில் வைத்துவிடுவார்கள், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் அன்று விடுப்பில் இருப்பார். பூட்டில்லாத, எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த இடமாக, சாப்பிடும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலிலும் கூடாது. காலாவதித் தேதியை உங்கள் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். பேனாவோடு ஒரே பக்கத்தில் அவன் புகைப்படம், எதற்கு அலர்ஜி, எந்த அறிகுறி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று எழுதி மருத்துவரின் கையெழுத்தோடு கொடுங்கள். ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றை வாங்கிப்போய் வகுப்பாசிரியர், சாப்பாட்டு நேரத்தில் நிற்பவர், விளையாட்டு ஆசிரியர் எல்லாரையும் கையில் பிடித்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். படம் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு அந்த நேரத்தில் கை வராது.

இன்னொன்று. சளி பிடித்தால் வீசிங் வரும், இன்ஹேலர் “தேவைப்பட்டால் மட்டும்” கொடுக்கிறோம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். உணவு அலர்ஜியால் உயிர் போகும் அளவுக்கு நிலைமை மோசமாகும் குழந்தைகளில் பலருக்குக் கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா இருக்கும். இவனுக்குத் தினசரி இன்ஹேலர் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊசி போட வேண்டிய நேரத்தில் முதலில் இன்ஹேலர் கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் நினைக்கக் கூடாது, ஊசிக்குப் பிறகுதான் அது.

இந்த வாரமே அலர்ஜி மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பேனா கைக்கு வந்து, பள்ளியில் இரண்டு பேராவது பழகும் வரை, சாப்பாட்டு நேரத்தில் நீங்களோ வீட்டில் ஒருவரோ பள்ளியில் இருக்க அனுமதி கேளுங்கள். தோல் பரிசோதனை செய்வதாக இருந்தால் செட்டிரிசினை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு தவறாக வரும். எப்போது கடைசியாகக் கொடுத்தீர்கள் என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.