குளத்தில் கூட்டம், கண்ணில் எரிச்சல்

கேள்வி: எனக்கு வயது 46. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால், காலை ஆறு மணி பேட்சில் பொது நீச்சல் குளத்துக்குப் போகிறேன். சுவரோரம் நின்று பேசுகிறவர்கள், குறுக்கே பாயும் பிள்ளைகள் என்று சேர்ந்தாற்போல் நாலு முறை போய்வர முடிவதில்லை. குளோரின் நெடியில் கண் எரிகிறது. நீச்சல் கண்ணாடி இரண்டே நிமிடத்தில் மங்கிவிடுகிறது. முடியும் நார்போல் ஆகிவிட்டது. நிறுத்திவிடலாமா? - வாசகி, தாம்பரம்

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. ஆனால் முதலில் ஒன்று: நீங்கள் நீந்துவது தவளை நீச்சலா? அப்படியானால் உடனே மாற்றுங்கள். காலை அகட்டிச் சுழற்றி உதைப்பதில் முழங்காலின் உள்பக்கத் தசைநார் இழுபடும். உங்கள் வலிக்கு அது ஆகாது. கால் நேராக இருக்கும் ஃப்ரீஸ்டைல் நல்லது. உதைத்தாலே வலித்தால், தொடைகளுக்கு இடையில் 'புல் பாய்' மிதவையை வைத்துக் கையால் மட்டும் நீந்துங்கள்.

கூட்டத்துக்கு ஒரே நல்ல தீர்வு, குளத்தை நீளவாக்கில் தடங்களாகப் பிரிக்கும் தடக் கயிறு. குளம் முழுவதற்கும் வேண்டாம்; ஓரத்தில் ஒரே ஒரு தடம் கிடைத்தால் போதும். உங்களைப் போல் தொடர்ந்து நீந்துகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாள் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். இரண்டரை மீட்டர் அகலத் தடத்தில் ஐந்து பேர் தாராளமாகச் சுற்றி நீந்தலாம். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் ஒரே பக்கம்; இடமா வலமா என்பதை இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் கிளம்பிப் பத்து விநாடி கழித்து அடுத்தவர். முந்த வேண்டுமானால் முன்னால் போகிறவரின் பாதத்தை ஒரு முறை தொட்டால் போதும். அவர் சுவர்வரை போய், மூலைக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். இளைப்பாறுகிறவரும் மூலையில்தான் நிற்க வேண்டும்; சுவரின் நடுப்பகுதி திரும்புகிறவர்களுக்கு. கயிறு கிடைக்கும்வரை, கற்றுக்கொள்கிறவர்கள் ஆழம் குறைந்த பக்கச் சுவரை அடைத்து நின்றால், அவர்களுக்கு ஓரிரு மீட்டர் முன்பே திரும்பிவிடுங்கள். அவர்களுக்கும் அது பாதுகாப்பு.

அடுத்தது நெடி. குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமைன் உண்டாகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் அதுதான். கிருமியைக் கொல்ல மிஞ்சியிருக்கும் குளோரின் அந்த நேரத்தில் குறைவாகக்கூட இருக்கலாம். மேலாளரிடம் மூன்று அளவுகளைக் கேளுங்கள். தனிக் குளோரின் (கிருமியைக் கொல்ல மிஞ்சியிருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.8, சேர்ந்த குளோரின் (குளோரமைனாகிவிட்டது) 0.4 பிபிஎம்முக்குக் கீழே. பிஎச் இந்த எல்லையைத் தாண்டினாலும் கண் எரியும். சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சோதனை பல இடங்களில் உண்டு. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் எவ்வளவு வீணாகிவிட்டது என்று தெரியாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி சோதனையில் தனிக் குளோரினையும் சேர்ந்த குளோரினையும் பிரித்துப் பார்க்கலாம். கட்டணம் கட்டுகிறவர் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

நம் பங்கும் இருக்கிறது. இறங்கும் முன் ஷவரில் ஒரு நிமிடம் தலை முதல் கால்வரை நனைந்து தேய்த்துக் குளித்தாலே வியர்வையும் அழுக்கும் பெருமளவு போய்விடும். இதைச் செய்யாமல் குதிக்கிற ஒவ்வொருவரும் மற்றவர் கண்ணுக்கு எரிச்சலைக் கொண்டுவருகிறார். கழிப்பறைக்கும் போய்விட்டு வாருங்கள், பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவதை விட்டுவிடுங்கள். எண்ணெய் குளோரினையும் தின்னும், வடிகட்டி மணலையும் பிசுக்காக்கும். நல்ல தண்ணீரில் முடியை முழுக்க ஊறவைத்து, மேலே சிலிக்கான் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்து நீரை அதிகம் உறிஞ்சாது. ஏறியதும் அலசிவிடுங்கள்.

கண்ணாடி மங்குவதற்குக் காரணம், கண்ணைச் சுற்றியுள்ள சூடான ஈரக் காற்று குளிர்ந்த வில்லையில் படிவது. புதுக் கண்ணாடியின் உள்பக்கம் மங்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். விரலால் துடைத்துத் துடைத்துத்தான் அது போகிறது. போய்விட்டால், குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி, லேசாக அலசிவிட்டுப் போடுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்தால் பட்டையை இறுக்காதீர்கள். பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்திப் பாருங்கள்; சில விநாடி ஒட்டி நின்றால் அளவு சரி. விளிம்புக்கு அடியில் முடியோ தொப்பியின் ஓரமோ சிக்கியிருந்தாலும் கசியும்.

தினமும் இறங்கும் முன் ஆழமான பக்கத்தில் அடித்தரையைப் பாருங்கள். கறுப்புக் கோடும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள், லைஃப்கார்டிடமும் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் ஒருவர் மூழ்கிக் கிடந்தாலும் மேலேயிருந்து தெரியாது.