மிசிசிப்பி சாலையோர நீலப் பலகைகள் எதற்காக?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஊருக்கு ஊர் நிற்கும் நீலப் பலகைகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அவை ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை பிறந்து வளர்ந்த இடங்களைக் காட்டுபவை. முதல் பலகை 2006-இல் ஹாலி ரிட்ஜில், சார்லி பாட்டன் என்ற கலைஞரின் கல்லறை அருகே வைக்கப்பட்டது. இப்போது இருநூறுக்கும் மேல். நார்வேயில்கூட ஒன்று உண்டு.

பலகையின் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். பழைய புகைப்படங்களும் விரிவான வரலாறும் அங்கேதான் இருக்கும்.

எனக்கு நெருக்கமானது டட்வைலர் என்ற ஊரில் உள்ள பலகை. 1903 வாக்கில் அந்த ஊர் ரயில் நிலையத்தில், ஒருவர் கிட்டார் தந்திமேல் கத்தியை அழுத்தி இழைத்துப் பாடியதை டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளர் கேட்டார். பாடியவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் வாசித்த இடத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள்.