உம்ராவுக்கு முப்பது நாளா, பத்து நாளா?

கேள்வி: ஜித்தாவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 5,200 ரியால். நாலு பேரோடு பகிர்ந்த அறை, சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 1,400 ஆகிறது. வீட்டுக்கு 2,500 அனுப்புகிறேன். அடுத்த ரமலானுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. அதற்குள் வாப்பா, உம்மா, மாமி மூவரையும் உம்ராவுக்கு (மக்காவுக்கான சிறு புனிதப் பயணம்) வரவழைக்க நினைக்கிறேன். டிக்கெட்டும் விசாவும் மச்சான் பொறுப்பு, தங்கும் செலவு என் பொறுப்பு. மாமிக்கு ரமலான் முழுக்க இருக்க ஆசை. வாப்பாவுக்கு மதீனாவில் நாற்பது வக்து (தொழுகை வேளை) தொழ வேண்டும். ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 250 ரியால், ரமலானின் கடைசிப் பத்து நாளில் 900 என்கிறார் ஏஜென்ட். இரண்டு அறை தேவை. இரண்டு வருடம் முன்பு பெற்றோர் வந்தபோது பத்து நாள் பயணம் பத்தொன்பது நாளாகிவிட்டது. கூடின ஒவ்வொரு நாளும் காலையில் ஓட்டல் கவுண்டரில் போய்க் கார்டைத் தேய்த்தேன். அதில் இன்னும் 6,200 பாக்கி. குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டி வருகிறேன். இந்த முறை நான்கு தவணையாகக் கட்டும் செயலி வழியாகப் பதிவு செய்யலாமா? உம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

பதில்: செயலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கவுண்டர்தான். போன முறை உங்களைக் கடனில் தள்ளியது உம்ரா அல்ல. எத்தனை நாள் என்று முடிவு செய்யாமலே பயணத்தைத் தொடங்கியது. வந்திறங்கிய பிறகு, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோமே" என்று உம்மா கேட்டால் எந்த மகனால் முடியாது என்று சொல்ல முடியும்? அந்தக் கேள்வி மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் வாசலில் வரக்கூடாது. இப்போதே, போனிலேயே வந்து முடிந்துவிட வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு அறைக்கு 500, மூன்று பேர் சாப்பாடு 120, டாக்சி, சக்கர நாற்காலி, சில்லறைச் செலவு 80. ஒரு நாளைக்கு 700. கடைசிப் பத்தில் அறை மட்டுமே 1,800, மற்றதோடு 2,000. ஆக முதல் இருபது நாளுக்கு 14,000, கடைசிப் பத்துக்கு 20,000. மொத்தம் 34,000 ரியால். உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 1,300. இருபத்தாறு மாத மிச்சத்தை ஒரே மாதத்தில் செலவழிக்கப் பார்க்கிறீர்கள்.

இதை நான்கு தவணையாக்கினால் ஒரு தவணை 8,500. உங்கள் சம்பளத்தை விட 3,300 அதிகம். முதல் தவணைக்கே இன்னொரு கடன் வாங்க வேண்டி வரும். இந்தச் செயலிகள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. செருப்பு வாங்குவது போல விரல் தட்டலில் உம்ரா பயணத்தை விற்கிறார்கள், "வட்டி இல்லை" என்பதைப் பெரிதாகப் போடுகிறார்கள். வட்டி இல்லாவிட்டாலும் தவணை நாள் வரத்தான் செய்யும். அன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் கார்டு பக்கம்தான் திரும்புவீர்கள். அங்கே ஏற்கெனவே 6,200 நிற்கிறது.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ஹஜ்ஜே "சென்றுவர சக்தி பெற்றவர்" மீதுதான் கடமை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உம்ராவின் கிரியைகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் தெரியும். பயணத்துக்கான நிய்யத்தோடு இஹ்ராம் கட்டுதல், கஅபாவை ஏழு சுற்று வரும் தவாஃப், ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடக்கும் ஸயீ, முடி இறக்குதல். ஸயீ மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும், வயதானவர்கள் நடுவில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். அப்படி நிதானமாகச் செய்தாலும் சில மணி நேரம்தான். மற்ற நாட்கள் எல்லாம் விருப்பத்தின் பேரில் கூட்டிக்கொள்பவை.

வாப்பாவின் நாற்பது வக்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் எட்டு நாள். நாற்பது வக்தைச் சிறப்பித்துச் சொல்லும் ஹதீஸின் (நபிமொழியின்) பலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எப்படியிருந்தாலும், உம்ரா நிறைவேற நாற்பது வக்து நிபந்தனை இல்லை. மதீனாவின் நபி பள்ளிவாசலில் ஒரு தொழுகை, மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் தவிர மற்றப் பள்ளிவாசல்களில் தொழும் ஆயிரத்தை விடச் சிறந்தது என்ற ஹதீஸ் பலமானது, அதில் நாள் கணக்கே கிடையாது. இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகும் வாப்பாவின் மனம் அதிலேயே நின்றால், மொத்த நாட்களுக்குள்ளேயே பெரும்பங்கை மதீனாவுக்குக் கொடுங்கள், மக்காவில் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள்.

அந்த மொத்தம் எவ்வளவு? பதினோரு மாதம், மாதம் 1,300 என்றால் 14,300. கார்டை முதல் ஐந்து மாதத்தில் அடைத்துவிடுங்கள், கட்டணங்களோடு 6,500 என்று வைத்துக்கொள்வோம். மீதி 7,800. பத்து நாளுக்கு 7,000 போனால் கையில் 800 நிற்கும். உங்கள் சம்பளம் தாங்குவது பத்து நாள். அதுவும் ரமலானின் முதல் பத்து. ரமலானில் செய்யும் உம்ரா ஹஜ்ஜுக்கு நிகர் என்று வரும் ஹதீஸ் ரமலான் என்றுதான் சொல்கிறது, கடைசிப் பத்து என்று சொல்லவில்லை. கடைசிப் பத்தில் தேடப்படும் லைலத்துல் கத்ர் இரவின் மகிமையை நான் குறைத்துப் பேசவில்லை. அதை அவர்கள் வீட்டிலிருந்தபடியும் தேடலாம். 900 ரியால் அறையில் படுத்துத்தான் தேட வேண்டும் என்றில்லை.

இப்போது, உம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்று கடைசி வரியில் எழுதியதற்கு வருகிறேன். முப்பது நாளுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் முப்பது நாள் இருந்தால் நீங்கள் எத்தனை நாள் கூட இருப்பீர்கள்? வேலையை முடித்து வெள்ளி, சனி மட்டும் ஜித்தாவிலிருந்து ஓடி வருவீர்கள். நாலு வாரத்துக்கு எட்டு நாள். சவூதி தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 21 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு 30. அதில் பத்து நாளை எடுங்கள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தவாஃப் செய்ய முழுதாகப் பத்து நாள் கிடைக்கும். அறை வாடகையும் அதிகமாகாது. உம்மாவும் மாமியும் ஓர் அறையில், நீங்களும் வாப்பாவும் இன்னொன்றில்.

பயணத்தை மதீனாவில் தொடங்குங்கள், ஜித்தாவில் முடியுங்கள். மச்சானிடம் சொல்லி டிக்கெட்டை அப்படியே போடச் சொல்லுங்கள். மக்காவிலிருந்து மதீனா 450 கிலோமீட்டர் தொலைவு. போய்த் திரும்பி வரும் அலைச்சலும் செலவும் பாதியாகும். நேரே மதீனாவுக்கு வருபவர்கள் விமானத்தில் இஹ்ராம் கட்ட வேண்டியதில்லை. இரண்டு நாள் ஓய்வெடுத்து, தரை சமமாக இருக்கும் ஊரில் நடந்து பழகி, அப்புறம் மதீனாவை அடுத்த இஹ்ராம் எல்லையான துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி மக்காவுக்குப் புறப்படலாம். உம்மாவின் முழங்காலுக்கும் இதுதான் நல்லது.

சாமான் பட்டியல் எப்படியும் வரும். அபாயா, பேரீச்சம்பழம், தொழுகை விரிப்பு என்று இருபது வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மிச்சமுள்ள 800-ஐ ரொக்கமாக மாமியின் கையில் கொடுத்து, "இதுக்குள்ள நீங்களே பார்த்து வாங்குங்க" என்று விட்டுவிடுங்கள். கார்டு உங்கள் ஜித்தா அறையிலேயே இருக்கட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குப் போன் செய்து பத்து நாள் என்று சொல்லுங்கள், கார்டு பாக்கியையும் மறைக்காமல் சொல்லுங்கள். மகன் இரண்டு வருடமாகக் கடன் கட்டுவது தெரிந்தால் அவரே மாமியிடம் பேசிவிடுவார். அதற்கு முன்னால் ஆபீசில் விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ரமலானில் லீவு கேட்டு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.